அவர் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்

கேள்வி:

நான் தருமபுரிப் பக்கத்தைச் சேர்ந்த செவிலியர். ஓராண்டாகத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், வேதாளை ஆகிய ஊர்களில், வெளியே நடமாட முடியாத முதியவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கிறேன். ஒரு நாளில் ஆறேழு வீடுகள் பார்க்க வேண்டும். தங்கச்சிமடம் அருகே விசைப்படகில் தொழில் செய்த ஒரு தாத்தா இருக்கிறார், வயது 78. பக்கவாதத்தால் வலது கை கால் பலவீனம், சர்க்கரையால் பாதத்தில் புண், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை காலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முற்றத்துக் கோடியில் உள்ள கழிப்பறைக்குக் கோல் ஊன்றிச் சுவரைப் பிடித்துப் போவார். எதைக் கேட்டாலும் 'இருக்கேன் தாயி' என்பார். மீதியை மருமகள் சொல்லிவிடுவார். ஒரு நாள் 'ராத்திரிதான் பெருசா இருக்கு' என்றார். தூக்க மாத்திரை கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இன்னொரு நாள் கட்டுப் போடும்போது 'இந்தக் கால் இருந்தா என்ன, போனா என்ன' என்றார். அப்படியெல்லாம் பேசக்கூடாது, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். போன மாதம் தலையணைக்கு அடியில் இரவு மாத்திரைகள் சேர்ந்து கிடந்தன. பேரப்பிள்ளைகள் முன்னாலேயே சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேதாளையில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஓர் உம்மா, 'நோன்பு வந்துரும்மா' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். எனக்கு வேலை தெரியும். பேசத்தான் தெரியவில்லையோ என்று இருக்கிறது. உட்கார்ந்து பேச நேரமும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவர் பேசியதாக நீங்கள் எழுதியிருப்பவை மூன்றே வாக்கியங்கள். அவற்றில் இரண்டு, ஒரு செவிலியர் தம் நோயாளியிடமிருந்து எப்பாடுபட்டாவது தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள். அவர் வாய் திறக்காதவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கோ, தம் மனத்தில் உள்ளதைச் சொல்லத் தகுந்த ஆளாக அவர் உங்களைத் தேர்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவர் அதைச் சொல்லவில்லை. நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது, பக்கவாட்டில், பாதி வாக்கியமாகச் சொன்னார். வீட்டுப் பராமரிப்பில் முதியவர்களின் கவலை பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியே வருகிறது.

இது நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. நார்வேயில் வீடு தேடிச் செல்லும் செவிலியர்களுக்கும் முதியவர்களுக்கும் இடையே நடந்த உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோதும், கவலைகள் வெளிப்படையான சொற்களில் வருவதைவிடக் குறிப்பாக வருவதே மிகுதியாக இருந்தது. உடல் தளர்வதைப் பற்றியும், பிறரோடு உள்ள உறவைப் பற்றியும், தம்மால் முன்பு முடிந்தது இப்போது முடியாமல் போவதைப் பற்றியும் அவர்கள் ஜாடையாகவே பேசினார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கரையில் பத்துப் பேரின் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த மனிதருக்கு, 'எனக்குப் பயமாக இருக்கிறது, யாராவது கூட வாருங்கள்' என்று சொல்வது எளிதான காரியமாக இருக்காது. அவர் அதைச் சொல்ல நினைக்கும்போது இரவைப் பற்றிப் பேசுவார், நாய் குரைப்பதைப் பற்றிப் பேசுவார், மழை வருமா என்று கேட்பார்.

இப்போது நீங்கள் எழுதியவற்றையே சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது நீர் மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கப்படுகிறது. அந்த மாத்திரை சிறுநீரை மிகுதியாக வெளியேற்றும். கழிப்பறை முற்றத்துக் கோடியில் இருக்கிறது. ஒரு பக்கம் விழுந்த உடம்போடு இருட்டில் அங்கே போக வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், மருமகளை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். தலையணைக்கு அடியில் கிடந்தவை இரவு மாத்திரைகள் மட்டுமே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறதியாக இருந்தால் காலை மாத்திரையும் தவறியிருக்கும். ஆகவே அவர் யோசித்து, தம்மைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த ஒரு வேளையை விட்டிருக்கிறார் என்பது என் ஊகம். ஊகம்தான், அவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டியது நீங்கள். 'ராத்திரி எந்திரிச்சுப் போறது கஷ்டமா இருக்கா ஐயா?' என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவர் ஆம் என்றால், இரண்டாவது வேளையைப் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அது வழக்கமாகச் செய்யப்படும் மாற்றம்தான். கட்டில் அருகே ஒரு யூரின் பாட்டிலும் இரவில் எரியும் ஒரு சிறு விளக்கும் இருந்தாலே அவருடைய பாதிப் பிரச்சினை தீரலாம். இத்தனை நாள் மாத்திரை தவறியதால் கால் வீக்கம் கூடியிருக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு இரைக்கிறதா என்பதையும் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வீக்கம் நிற்கும் காலில் புண் ஆறுவது தாமதப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று நீங்கள் எழுதி வாங்க நினைத்த தூக்க மாத்திரை அவருக்குக் கிடைத்திருந்தால், பாதி மயக்கத்தில் அதே முற்றத்தைக் கடக்க வேண்டியிருந்திருக்கும். முதியவர்கள் இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்குத் தூக்க மாத்திரைகள் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

காலைப் பற்றி அவர் சொன்னது இதைவிடக் கனமான பேச்சு. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நீங்கள் அன்பால்தான் சொன்னீர்கள், ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் மேலே பேச இடமில்லாமல் போய்விட்டது. காலை எடுத்துவிடுவார்களோ என்று அவர் பயந்திருக்கலாம். சர்க்கரைப் புண்ணால் காலை இழந்த யாரையாவது அவர் ஊரில் பார்த்திருக்கலாம். ஆறுதலுக்கு முன்னால் அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: 'கால எடுத்துருவாங்களோன்னு யோசிக்கிறீங்களா?' அவர் ஆம் என்றோ இல்லை என்றோ தலையசைத்த பிறகு, உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள். புண்ணின் நீள அகலத்தை நீங்கள் ஒவ்வொரு வாரமும் குறித்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த அளவை அவருக்கும் சொல்லுங்கள். போன வாரத்தைவிடச் சுருங்கியிருந்தால் அதுவே உங்கள் வெற்று வாக்குறுதியைவிடப் பெரிய ஆறுதல். சுருங்காமல் இருந்தால், என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். கடலில் வலையும் காற்றும் எப்படி இருக்கும் என்று தாமே கணித்து முடிவெடுத்து வாழ்ந்தவரிடம், அவருடைய பாதத்தின் நிலையை மறைப்பது மரியாதை ஆகாது.

அந்தப் பேச்சுக்குள் வாழ்வை வெறுத்த எண்ணம் இருக்கிறதா என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். 'நான் போயிட்டா இவங்களுக்கு நிம்மதி' என்ற வகையில் அவர் பேசினால், சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால், 'செத்துப்போகலாம்னு தோணுதா ஐயா?' என்று தெளிவாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பலருக்குக் கேட்டதே பாரம் இறங்கியது போல இருக்கும். ஆம் என்று சொன்னால் அன்றே மருத்துவருக்கும் மகனுக்கும் தெரிவியுங்கள். மகனிடம் சொல்லப் போகிறேன் என்பதைப் பெரியவரிடமே முதலில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பேச்சு வருகிறதா என்று தனியாகப் பாருங்கள். அந்த 61 நாளும் விசைப்படகுக் குடும்பங்களில் வரும்படி நின்றுவிடும். கடன் பேச்சும் மருந்துச் செலவுப் பேச்சும் அவர் படுத்திருக்கும் அறைக்குக் கேட்கும்.

சத்தம் போட்டதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைகள் அப்படிக் கிடப்பதைப் பார்த்த பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேரப்பிள்ளைகள் பார்த்திருக்க அது நடந்ததால், வருத்தம் தெரிவிப்பதும் அவர்கள் இருக்கும்போதே நடக்க வேண்டும். தனியாகக் காதில் சொல்லும் மன்னிப்பு அவர் இழந்ததைத் திருப்பித் தராது. நீண்ட விளக்கம் வேண்டாம். 'அன்னைக்கு நான் சத்தம் போட்டது தப்புங்க ஐயா. மாத்திரை ஏன் வேணாம்னு உங்கள்ட்ட கேட்டிருக்கணும்' என்று சொல்லிவிட்டு வழக்கமான வேலையைத் தொடங்குங்கள். அவர் உடனே திரும்பாவிட்டாலும் அடுத்த முறை அதைப் பற்றி மீண்டும் பேசாதீர்கள். அவரை எப்படி அழைக்கலாம் என்பதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். தாத்தா என்பது சிலருக்கு உரிமை, சிலருக்குச் சுருக்கென்று இருக்கும்.

குழந்தையிடம் பேசுவது போல முதியவர்களிடம் பேசும் வழக்கம் செவிலியர்களிடையே பரவிக்கிடப்பது எனக்குப் பெரிய வருத்தம். 'மாத்திர போட்டுக்கலாமா, சமத்தா காலக் காட்டலாமா' என்ற குரலைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ளவர்களிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படிப் பேசப்பட்டபோது அவர்கள் பராமரிப்புக்கு இணங்காமல் முரண்டு பிடிப்பது மிகுந்தது. இயல்பாகப் பேசியபோது குறைந்தது. மறதிநோய் உள்ளவருக்கே அது உறைக்கிறது என்றால், அறிவு தெளிவாக இருப்பவருக்கு எப்படி இருக்கும்!

அவருடைய சுருக்கமான பதில்களுக்கு உடல் காரணம் இருக்கிறதா என்பதையும் நீங்கள் பார்த்தாக வேண்டும். விசைப்படகின் டீசல் எஞ்சின் இரைச்சலில் ஆண்டுக்கணக்காகத் தொழில் செய்தவர்களுக்குச் செவித்திறன் குறைவது இயல்பு. முதுமை அதோடு சேர்ந்துகொள்ளும். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் கீச்சென்ற ஒலிகளே முதலில் கேளாமல் போகும். பெண்களின் உயர்ந்த குரல் அவர்களுக்குப் புரியாமல் போவதும், நாம் கத்தினால் இன்னும் கலங்கலாகக் கேட்பதும் அதனால்தான். சத்தத்தைக் குறைக்காமல், குரலின் கீச்சை மட்டும் தாழ்த்தி, நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். கடற்கரை வீடுகளில் வாசலிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். வாசலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு நிழலாகத்தான் தெரியும், உதட்டசைவு தெரியாது. காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் செய்யுங்கள். சில பேருக்கு அதை எடுத்தாலே போதும்.

வலது பக்கம் விழுந்தது என்றால் பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில். பெரும்பாலோருக்குப் பேச்சு மொழியும் அங்கேதான் இருக்கிறது. சொல்ல வேண்டியது மனத்தில் இருந்தும் சொல் சட்டென்று அகப்படாத நிலை அவருக்கு இருக்கக்கூடும். பழகிப்போன ஒரு சொற்றொடர் மட்டும் தடையில்லாமல் வரும். அப்படியானால் 'இருக்கேன் தாயி' என்பதை அவருடைய பதிலாக எழுதிக்கொள்ளக் கூடாது. கட்டிலில் இருக்கும் துண்டையும் சொம்பையும் காட்டி இது என்ன என்று இயல்பாகக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் பேச்சுப் பயிற்சிக்குப் பரிந்துரை கேளுங்கள். அதுவரை ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளாக, ஒரு நேரத்தில் ஒன்றாகக் கேளுங்கள். பக்கவாதத்தில் வலப்பக்கப் பார்வை மறைந்திருப்பதும் உண்டு. எனவே அவருக்கு இடப்பக்கமாகவே உட்காருங்கள். நீங்கள் தருமபுரிப் பேச்சில் கேட்பது அவருக்குப் பிடிபடாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. 'புரிஞ்சுதா' என்று கேட்டால் யாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். 'நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். மகன் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?' என்று கேட்டு, அவர் வாயால் வருவதைக் கேளுங்கள்.

மருமகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமையல், பிள்ளைகள், மாமனாரின் துணி, இவ்வளவுக்கும் நடுவில் உங்களை விரைவாக அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அவர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். அவரைப் பேசாதே என்று தடுக்காமல், வெந்நீர் வைத்துத் தரவோ மாத்திரைச் சீட்டுகளை எடுத்து வரவோ கேட்டுவிட்டு, அந்த இடைவெளியில் பெரியவரிடம் கேளுங்கள். சிறுநீர், மலம் பற்றிய கேள்விகளை மருமகள் முன்னிலையில் கேட்கவே வேண்டாம். கிளம்பும்போது வாசலில் நின்று மருமகளிடம், 'உங்களுக்குத் தூக்கம் இருக்கா?' என்று கேளுங்கள். அந்த வீட்டில் அவரிடம் அதைக் கேட்க வேறு ஆள் இருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அந்த ஊர்ப் பெண்ணாகவே இருப்பார். பெரியவரின் பழைய நாள்களும் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும், பேசிப் பாருங்கள். மருமகளின் அவசரத்தைத் தாண்டி, உண்மையிலேயே உணவோ மருந்தோ மறுக்கப்படுகிறது, அடி விழுகிறது என்று எங்காவது தெரிந்தால், அது வேறு விஷயம். முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, உங்கள் மேலதிகாரியிடமும் அன்றே சொல்ல வேண்டும்.

நேரம் இல்லை என்கிறீர்கள். நான் சொல்வதற்குத் தனியாக அரைமணி நேரம் தேவையில்லை. அவர் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னது நீங்கள் வேலையில் இருந்தபோதுதான். கட்டுப் பிரிக்கும்போது கை வேலை செய்யட்டும், காது அவரிடம் இருக்கட்டும். கைப்பேசியில் பதிவேற்றுவதைக் கட்டு முடிந்த பிறகு, என்ன எழுதுகிறீர்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஜாடையாக ஏதாவது வந்தால் கையை ஒரு கணம் நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள். உண்மையிலேயே அன்று நேரமில்லை என்றால், 'நீங்க ராத்திரியப் பத்தி ஏதோ சொன்னீங்க, வியாழக்கிழமை வரும்போது அதப் பேசுவோம்' என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை நீங்களே தொடங்குங்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அவருடைய சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். 'தூக்கமின்மை' என்று நீங்கள் சுருக்கி எழுதினால், உங்கள் விடுப்பில் வேறு செவிலியர் வரும்போது அவருக்கு அது எதையும் சொல்லாது.

பழங்கதையையும் வீண்பேச்சு என்று தள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்று எழும்போது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி அவர் தொடங்கலாம். அன்று அவர் பதினேழு, பதினெட்டு வயதுப் பையனாக இருந்திருப்பார், ஓட முடிந்திருக்கும். இன்று ஓட முடியாது. அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது, இப்போது புயல் எச்சரிக்கை வந்தால் தம்மை யார் தூக்கிப் போவார்கள் என்பதும் உள்ளே இருக்கலாம். 'இப்ப காத்து வந்தா உங்கள யாரு கூட்டிட்டுப் போறதுன்னு மகன்ட்ட பேசிருக்கீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். மகன் கடலுக்குப் போகாத ஒரு நாளில் அவரையும் வைத்துக்கொண்டு, எந்த முகாம், எந்த வண்டி, மருந்துப் பையை யார் எடுப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

வேதாளை உம்மாவின் பேச்சும் இதே வகைதான். நோன்பு பிடிக்கலாமா என்று அவர் உங்களிடம் கேட்டிருந்தால் கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நீங்கள் தடுத்தால் உங்களுக்குச் சொல்லாமல் நோன்பிருப்பார், பழைய அளவிலேயே இன்சுலினும் போட்டுக்கொள்வார், ஆபத்து அங்கேதான். 'நோன்பு பிடிக்கணும்னு ஆசையா இருக்கா உம்மா?' என்று நீங்களே கேளுங்கள். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், அவர் உடல்நிலைக்கு அது முடியுமா, முடியுமென்றால் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கும் மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று முடிவு செய்யலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதே பொதுவாக மார்க்க அறிஞர்களான உலமாக்கள் சொல்வது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே போனாலோ உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்பதை அவரே திருப்பிச் சொல்லும் அளவுக்குச் சொல்லிக்கொடுங்கள். முடியாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை ஊர்ப் பள்ளிவாசல் ஆலிம் எடுத்துச் சொல்லட்டும்; அதை நீங்கள் சொல்வது உங்கள் இருவருக்கும் இடையே சங்கடத்தை உண்டாக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், பகலெல்லாம் தூங்கி இரவில் பிதற்றினால், அதை மனக்கசப்பு என்றோ வயசுக் கோளாறு என்றோ எண்ணிப் பொறுத்திருக்காதீர்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புண்ணில் சீழ், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றைப் பாருங்கள். நீர் மாத்திரையை மீண்டும் ஒழுங்காகத் தொடங்கிய முதல் வாரங்களில் உப்புச்சத்து இறங்கியும் இந்தக் குழப்பம் வரலாம்; ஆகவே இரத்தப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு சட்டென்று நின்றாலோ, நல்ல பக்கக் கையும் சோர்ந்தாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள். எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைத்தான் மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள்.